மரப்பாதையில் ஒரு மலைப்பயணம்

நுழையும்முன்

அச்சத்தை விலக்கி வாழவே மனிதன் விரும்புகிறான். ஆயினும், பணம் கொடுத்து, வரிசையில் காத்து நின்று, அச்சத்தைத் தேடிச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அதுவே கேளிக்கைப் பூங்கா. அங்குள்ள ரோலர் கோஸ்டர் எவ்வாறு இயங்குகிறது, அதனை மரத்தால் கட்டுவது ஏன், அச்சமூட்டும் அப்பொறி ஆபத்தின்றி ஓடுவது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தேரும் ராட்டினமும்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கோயம்புத்தூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள சிற்றூர் வேலந்தாவளம். எல்லைச் சோதனைச்சாவடியால் அறியப்பட்ட இவ்வூரின் கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. இப்பகுதியில் வாழும் பிள்ளைகளுக்கு மரத்தால் ஆன பெரும் பொறிகள் புதியன அல்ல. திருவிழாத் திடல்களில் தொட்டில் ராட்டினம் சுழல்வதை அவர்கள் கண்டிருப்பர். பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் தேர்த்திருவிழாவையும் அறிந்திருப்பர்.

கல்பாத்தி விசுவநாதசுவாமி கோவில் தேரை மக்கள் வடம் பிடித்து இழுக்கின்றனர். பின்னிருந்து யானை தள்ளுகிறது. நிற்கும் தேரை அசைப்பது கடினம். அசைந்த தேரை நிறுத்துவது அதனினும் கடினம். தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவ மரக்கட்டையை இடுவர். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். தேரின் அழகைக் காண வருவோர் பலர். ஆனால் முட்டுக்கட்டை இடுவோரின் கண்ணும் கையும் பிறழாதிருந்தால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும்.

பெரும் எடையை ஓடச் செய்தல், ஓடுவதை அடக்கி நிறுத்துதல் ஆகிய இவ்விரண்டும் ரோலர் கோஸ்டருக்கும் அடிப்படையாகும்.

பனிமலையில் பிறந்த விளையாட்டு

ரோலர் கோஸ்டரின் தொடக்கம் பனி நாட்டில் அமைந்தது. 17ஆம் நூற்றாண்டில் உருசிய நாட்டு மக்கள் மரச்சட்டங்களால் உயர்ந்த சாய்தளங்களை அமைத்தனர். அவற்றின்மீது நீரை ஊற்றி உறையவைத்துச் சறுக்கி விளையாடினர். பின்னர் இவ்விளையாட்டு பிரான்சு நாட்டுக்குப் பரவியது. அங்கே பனிக்கு மாற்றாகச் சக்கரங்கள் வந்தன. 1817ஆம் ஆண்டில் பாரிசு நகரில், பாதையை விட்டு விலகாதவாறு சக்கரங்கள் பொருத்தப்பட்ட வண்டிகள் ஓடின.

இதன் பெயர் குறித்துச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளில் ரோலர் கோஸ்டரை 'உருசிய மலை' என்று அழைக்கின்றனர். உருசியர்களோ அதனை 'அமெரிக்க மலை' என்று அழைக்கின்றனர்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மலையிலிருந்து நிலக்கரியை இறக்குவதற்காக 1827ஆம் ஆண்டில் ஒரு சரிவு இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. நிலக்கரி ஏற்றிய பெட்டிகள் தம் எடையாலேயே கீழே இறங்கின. காலப்போக்கில் மக்கள் அதில் ஏறி இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டனர். 1884ஆம் ஆண்டில் இலாமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க் நகரின் கோனித் தீவுக் கடற்கரையில், விளையாட்டுக்கென்றே ஒரு மரப்பாதையை அமைத்தார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மிதிவண்டியும் அதனை முந்திவிடும். ஆயினும் மக்கள் வரிசையில் நின்று ஏறினர்.

பென்சில்வேனியாவின் அல்டூனா நகரில் 1902ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மர ரோலர் கோஸ்டர், எஞ்சியிருப்பனவற்றுள் மிகப் பழமையானது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒன்றில், தொடரின் நடுவே நின்று கையால் தடையை இயக்கும் பணியாளர் ஒருவரும் உடன் பயணம் செய்கிறார். 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. அதன்பின் எஃகினாலான ரோலர் கோஸ்டர்கள் பெருகின.

கேரளத்தில் கொச்சியை அடுத்து 2000ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்னும் பெயரில் ஒரு பூங்கா தொடங்கப்பட்டது. இன்று அது வொண்டர்லா என வழங்குகிறது. அதே நிறுவனம் 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதியில் புதிய பூங்காவைத் திறந்தது. அங்குள்ள 'தஞ்சோரா' என்னும் ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே செல்கிறது. பயணியரின் கால்கள் காற்றில் தொங்குகின்றன. அது எஃகினால் ஆனது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

மர ரோலர் கோஸ்டர் தொடரில் பொதுவாக எஞ்சின் இல்லை. தொடக்கத்தில் ஒரு சங்கிலி, தொடரை முதல் குன்றின் உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே சங்கிலி விடுபடுகிறது. அதன்பின் இறுதிவரை தொடரை ஓட்டுவது புவியீர்ப்பு விசையே.

உயரத்தில் உள்ள பொருளில் நிலையாற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. அது கீழே இறங்கும்போது நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. ஏறும்போது இயக்க ஆற்றல் மீண்டும் நிலையாற்றலாகிறது. உராய்வும் காற்றின் தடையும் இல்லையெனக் கொண்டால், 5 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தொடர் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் பெறும். 20 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகம் பெறும். வேகத்தை இருமடங்காக்க, உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலின் ஒரு பகுதி உராய்வினாலும் காற்றினாலும் இழக்கப்படுகிறது. ஆகவே முதல் குன்றே மிக உயர்ந்ததாகவும், அடுத்து வருபவை படிப்படியாகத் தாழ்ந்தனவாகவும் அமைக்கப்படுகின்றன. இக்கணக்குத் தவறினால், தொடர் ஒரு குன்றைக் கடக்க இயலாமல் பள்ளத்தில் நின்றுவிடும்.

குன்றின் உச்சியைக் கடக்கும்போது உடல் இருக்கையிலிருந்து எழும்புவதுபோல் தோன்றுவது ஏன்? தொடர் வளைந்து கீழே இறங்கத் தொடங்குகிறது; பயணியின் உடலோ நிலைமத்தால் முன்பு சென்ற திசையிலேயே செல்ல முனைகிறது. அவ்வொரு நொடியில் இருக்கை உடலைத் தாங்குவதில்லை. வயிறு குழைவது போன்ற உணர்வு அப்போதுதான் எழுகிறது.

மரம் ஏன்?

எஃகு வலியது, நீண்ட நாள் உழைப்பது. அவ்வாறிருக்க, மரத்தைத் தேடுவது ஏன்?

முதற்கண், மர ரோலர் கோஸ்டர் என்பது எது என்று அறிதல் வேண்டும். தாங்கு சட்டங்கள் எதனால் ஆனவை என்பதைவிட, தொடர் ஓடும் பாதை எதனால் ஆனது என்பதே முதன்மையானது. கோனித் தீவில் 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புகழ்பெற்ற 'சைக்ளோன்' 26 மீட்டர் உயரமுடையது. அதன் தாங்கு சட்டங்கள் எஃகினால் ஆனவை. பாதை மட்டுமே மரத்தால் ஆனது. ஆயினும் அது மர ரோலர் கோஸ்டர் என்றே எண்ணப்படுகிறது.

மரப்பாதை ஒற்றைக் கட்டையால் ஆனதன்று. ஏழெட்டு மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளைத்துப் பிணைக்கின்றனர். அதன்மேல் தட்டையான எஃகுப் பட்டை பொருத்தப்படுகிறது. சக்கரம் அப்பட்டையின்மீது உருள்கிறது. இதற்கு நீண்ட இழைகளுடைய, வளைந்து கொடுக்கும் மரம் வேண்டும். ஆகவே பைன் போன்ற மரங்களைத் தேர்ந்து, பூச்சியும் அழுகலும் அணுகாதவாறு மருந்தேற்றிப் பயன்படுத்துகின்றனர்.

மரம் நெகிழும் தன்மையது. தொடர் விரைந்து செல்லும்போது பாதை சிறிதளவு அமிழ்ந்து மீள்கிறது, சட்டங்கள் அசைகின்றன. அவ்வசைவைக் காண்போர் பொறி உடைந்துவிடுமோ என அஞ்சுவர். உண்மையில் அசைய இடமளித்தே பொறியாளர்கள் அதனை வடிவமைக்கின்றனர். காற்றில் வளையும் மூங்கில் முறிவதில்லை அன்றோ! கடகடவென்னும் ஓசையும், அதிர்வும், முகத்தருகே விரைந்து மறையும் மரச்சட்டங்களும் சேர்ந்து, உள்ளதைவிட மிகுந்த வேகத்தை உணரச் செய்கின்றன.

தாங்கு சட்டங்களில் குறுக்குச் சட்டங்கள் எண்ணற்ற முக்கோணங்களை உருவாக்குவதைக் காணலாம். நான்கு குச்சிகளைக் கட்டிச் சதுரமாக்கித் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் சாயாது. கூரை வேயும் தச்சரும் பாலம் கட்டும் பொறியாளரும் பயன்படுத்தும் உண்மை இதுவே.

காக்கும் சக்கரங்களும் காக்கும் ஓசையும்

தொடக்ககால வண்டிகள் தம் எடையால் மட்டுமே பாதையில் நின்றன. ஆகவே குன்றுகளை மிக உயரமாக அமைக்க இயலவில்லை. ஜான் மில்லர் என்னும் வடிவமைப்பாளர், பாதையின் அடிப்பகுதியைப் பற்றிக்கொள்ளும் சக்கரத்திற்கு 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலான வண்டிகளில் மூவகைச் சக்கரங்கள் உள்ளன. மேற்சக்கரம் எடையைத் தாங்குகிறது. பக்கச் சக்கரம் வளைவில் வழிநடத்துகிறது. அடிச்சக்கரம் வண்டி மேலெழாமல் காக்கிறது. செங்குத்தான சரிவுகளை அமைக்கும் துணிவு அதன்பின்னரே பிறந்தது.

முதல் குன்றின்மேல் தொடர் ஏறும்போது 'டக்டக்' என்னும் ஓசை தொடர்ந்து கேட்கும். பயணியர் பெரிதும் அஞ்சுவது அவ்வோசைக்கே. ஆனால், அது பற்சட்டத்தின்மேல் ஒரு கொக்கி ஒவ்வொரு பல்லாக விழும் ஓசையாகும். சங்கிலி அறுந்தாலும் தொடர் பின்னோக்கி உருளாதவாறு அக்கொக்கி பற்றிக்கொள்ளும். அச்சுறுத்துவதாகத் தோன்றும் அவ்வோசைதான் காக்கும் ஓசை.

பாலக்காடு இருப்புப்பாதைக் கோட்டத்தில் தொடர்வண்டிகள் இயங்கும் முறையும் இங்கு நினைக்கத்தக்கது. பாதையைப் பல பிரிவுகளாக்கி, ஒரு பிரிவில் ஒரு வண்டி உள்ளபோது மற்றொன்று நுழையாதவாறு காக்கின்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் ஓடும் ரோலர் கோஸ்டரிலும் இதே முறை கையாளப்படுகிறது. முன்செல்லும் தொடர் அடுத்த பிரிவை விட்டு நீங்கவில்லையெனில், பின்வரும் தொடரைத் தடைகள் நிறுத்திவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மனித உழைப்பு உள்ளது. பூங்கா திறப்பதற்குமுன் பணியாளர்கள் பாதையை நடந்தே ஆய்வு செய்கின்றனர். தளர்ந்த ஆணி, வெடித்த பலகை, தேய்ந்த பட்டை ஆகியவற்றைத் தேடுகின்றனர். பின்னர் ஆளில்லாத் தொடரை ஓட்டிப் பார்க்கின்றனர். அதன்பின்னரே வாயில் திறக்கப்படுகிறது. வாயிலில் உயரம் அளக்கும் பலகை இருப்பதும் சிறுவரை ஏமாற்றுவதற்கன்று. காப்புக்கம்பி சிறிய உடலை உரிய இடத்தில் பற்றாது என்பதே காரணம்.

அச்சம் வேறு, ஆபத்து வேறு

அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில் 'கிங்ஸ் ஐலண்ட்' என்னும் பூங்கா உள்ளது. அங்கு 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'தி பீஸ்ட்', 2,243 மீட்டர் நீளமுடையது. மர ரோலர் கோஸ்டர்களுள் மிக நீண்டது. அதே பூங்காவில் 2000ஆம் ஆண்டில் 'சன் ஆஃப் பீஸ்ட்' திறக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். தலைகீழாகச் சுழலும் வளையமும் அதில் இருந்தது. 2006ஆம் ஆண்டில் மரச்சட்டம் ஒன்று பழுதுற்றதால் பாதையில் தாழ்வு ஏற்பட்டு, 27 பயணியர் காயமுற்றனர். பின்னர் வளையம் நீக்கப்பட்டு, எடை குறைந்த வண்டிகள் விடப்பட்டன. எனினும் 2009ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது.

அதனினும் மூத்த 'பீஸ்ட்' பின்னரும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயணியர் இரண்டிலும் அஞ்சினர். ஒன்றில் அச்சம் மட்டுமே இருந்தது. மற்றொன்றில் ஆபத்தும் சேர்ந்தது. அச்சத்தைத் தருவதும் ஆபத்தைத் தவிர்ப்பதுமே வடிவமைப்பாளரின் கடமை.

இனி வரவிருப்பவை

புதிய ஊர்திகளைப் பற்றிய கற்பனைக்கு எல்லை இல்லை. சில கற்பனைகள் முன்னரே மெய்யாகியுள்ளன. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பழைய மரச்சட்டங்களின்மேல் எஃகுப் பாதை பொருத்திய கலப்பு ரோலர் கோஸ்டர் திறக்கப்பட்டது. மரத்தின் தோற்றமும் எஃகின் வளைவும் அதில் ஒன்றுசேர்ந்தன. தென்கொரியாவின் எவர்லேண்ட் பூங்காவில் 2008ஆம் ஆண்டு முதல் ஓடும் மர ரோலர் கோஸ்டர் 56 மீட்டர் உயரமுடையது. அதன் பாதை, தொழிற்சாலையில் பொறிகளால் துல்லியமாக வெட்டிக் கொண்டுவரப்பட்ட துண்டுகளால் ஆனது. காந்தத் தடைகளும் பெருகி வருகின்றன. மின்சாரம் நின்றாலும் அவை தொடரின் வேகத்தைக் குறைக்க வல்லவை.

இனி வரும் என்று கூறப்படும் எந்த ஊர்தியையும் மூன்று வினாக்களால் சோதித்தறியலாம். அதன் வேகத்துக்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அதன் வளைவுகளையும் சுழற்சியையும் மனித உடல் தாங்குமா? மின்சாரம் நின்றாலோ ஓர் உறுப்புப் பழுதுற்றாலோ அது எவ்வாறு நிற்கும்? இவற்றுக்கு விடை உள்ள கற்பனை வடிவமைப்பாகும். விடை இல்லாதது வெறும் படமாகவே நிற்கும்.

வேலந்தாவளத்தில் வரைந்து பார்த்தால்

வேலந்தாவளத்தில் ஒரு மர ரோலர் கோஸ்டர் அமைப்பதாகக் கற்பனை செய்யலாம். முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உள்ளது. அது நீரை உறிஞ்சி உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அம்மண்ணின் மேற்பரப்பில் நிறுத்திய தூண் ஆண்டுதோறும் அசையும். ஆகவே கற்காரை அடித்தளத்தை ஆழத்தில் அமைக்க வேண்டும்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகன்ற இடைவெளியாக அமைந்தது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காலத்தில் அதன் வழியே காற்று கிழக்கு நோக்கி விரைந்து வீசும். எதிர்க்காற்றில் ஓடும் தொடர் வேகம் இழக்கும். எனவே, தொடர் மேற்கு நோக்கி ஏறும் குன்றுகளைத் தாழ்வாக வைக்க வேண்டும். காற்று மிகும்போது ஓட்டத்தை நிறுத்தவும் வேண்டும்.

மூன்றாவது மரம். இங்குப் பனை மிகுதி. வீட்டுக் கூரைக்குப் பனஞ்சட்டம் சிறந்தது. ஆனால் பனையின் புறப்பகுதியே உறுதியானது, உட்பகுதி மென்மையானது. அதிலிருந்து அகன்று நீண்ட, வளைக்கத்தக்க பலகைகளை அறுத்தெடுக்க இயலாது. ஆகவே பாதைக்குரிய மரத்தை வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டும். கரையான் அரிக்காமலும் கடும் வெயிலில் வெடிக்காமலும் அதனைக் காக்கவும் வேண்டும்.

இவற்றை எண்ணி வரையும் மாணவர், 100 மீட்டர்க் குன்றில் தொடங்கி 20 மீட்டர்க் குன்றில் வந்து நிற்கக்கூடும். மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்துக்கு அவ்வுயரமே போதும். உச்சியில் தொடர் ஒரு கணம் தயங்கும்போது, தொலைவில் மலைத்தொடரும் கீழே பனைமரங்களும் பயணியருக்குத் தெரியும். வரைந்தவர் அப்போது நினைக்க வேண்டியது, அன்று காலையில் அப்பாதையை நடந்து பார்த்தவர் யார் என்பதையே.

சொல்லும் பொருளும்

கேளிக்கை – பொழுதுபோக்கு, களியாட்டம்
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு
சாய்தளம் – சரிவாக அமைந்த மேடை
நெகிழ்தல் – வளைந்து கொடுத்தல்
நிலைமம் – தன் நிலையை மாற்றிக்கொள்ளாத பொருளின் இயல்பு
கணவாய் – மலைகளுக்கிடையே உள்ள வழி
கற்காரை – சிமெண்ட், மணல், சரளைக்கல் கலந்த கட்டுமானக் கலவை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பாதையின் அடிப்பகுதியைப் பற்றும் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றவர் ________.
2. உயரத்தில் உள்ள பொருளில் சேமிக்கப்பட்டுள்ள ஆற்றல் ________.
3. உருசியர்கள் ரோலர் கோஸ்டரை ________ என்று அழைக்கின்றனர்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. முதல் குன்று மற்றக் குன்றுகளைவிட உயரமாக இருப்பது ஏன்?
2. தொடர் ஏறும்போது கேட்கும் 'டக்டக்' ஓசை எதனால் உண்டாகிறது?
3. பனைமரத்தால் பாதை அமைக்க இயலாமைக்குக் காரணம் யாது?

இ. விரிவான விடை எழுதுக.
'அச்சம் வேறு, ஆபத்து வேறு' – இக்கருத்தை இரு சான்றுகள் தந்து விளக்குக.

ஈ. மொழியோடு விளையாடு.
'முட்டுக்கட்டை போடுதல்' என்னும் மரபுத்தொடரை இரு சொற்றொடர்களில் அமைத்து எழுதுக. தேரின் முட்டுக்கட்டை நன்மை செய்கிறது; பேச்சு வழக்கில் அத்தொடர் பெரும்பாலும் தீமையைக் குறிக்கிறது. இவ்வேறுபாடு குறித்து வீட்டில் உள்ள பெரியோரிடம் கேட்டு, அவர்கள் கூறுவதை எழுதுக.

உ. செயல்பாடு
தீக்குச்சிகளையும் நூலையும் கொண்டு ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் அமைத்துத் தள்ளிப் பார்க்க. பெற்றோரின் சொந்த ஊரில் ஒரு ரோலர் கோஸ்டர் அமைப்பதாயின், அவ்வூரின் மண், காற்று, மரம் ஆகியவற்றை எவ்வாறு கருத வேண்டும் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.